தோட்டத்து வண்டி கற்றுத் தந்த பாடம்



டிசைன் பேப்பரில் எண்பத்தேழு மார்க் வாங்கியவன் நான். அந்தத் தலைக்கனத்தோடு திரிந்த என்னைத் தரையில் உட்கார வைத்துப் பாடம் நடத்தியது, நம் கல்லூரித் தோட்டத்தில் மண் அள்ளிக் கொட்டுகிற தள்ளுவண்டி. இரண்டே சக்கரம், முன்பக்கம் கவிழ்கிற ஒரு இரும்புத் தொட்டி, ஒரு கைப்பிடி. அவ்வளவுதான் அந்த மெஷின்.

ஒரு நாள் மாலை தோட்டக்கார அண்ணன் எங்கள் நாலு பேரையும் நிறுத்தினார். "தம்பி, நீங்க மெக்கானிக்கல்தானே? இந்தச் சக்கரத்தை என்னான்னு பாருங்களேன். வண்டி இடது பக்கமே இழுக்குது. ராத்திரி தோள்பட்டை வலி தூங்க விடமாட்டேங்குது" என்றார். எங்களுக்குச் சுருக்கென்றது. இரண்டரை வருஷமாக அந்த வண்டியைத் தாண்டித்தானே ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கொண்டிருக்கிறோம்!

நான் செய்த தவறு

இடது டயர் மொட்டையாகி, காற்றும் இறங்கி, சப்பையாகக் கிடந்தது. பக்கவாட்டில் இருந்த எழுத்து தேய்ந்து போயிருந்தது. நான் ஸ்கேலை எடுத்துத் தரையிலிருந்து உயரம் பார்த்தேன். பதினைந்து அங்குலத்துக்கும் கொஞ்சம் கம்மி. கடைக்குப் போய் அதற்கேற்ற ஒரு சக்கரம் வாங்கி வந்து மாட்டினேன். மறுநாளும் வண்டி இடது பக்கமே இழுத்தது. "பரவால்ல தம்பி" என்றார் அண்ணன். அந்தப் 'பரவால்ல'தான் என்னை ரொம்பக் குத்தியது.

பிறகுதான் வலது டயரில் இருந்த மண்ணைத் துடைத்துப் பார்த்தேன். 4.00-8 என்று இருந்தது. நான் வாங்கி வந்தது 3.50-8. காற்றில்லாத, தேய்ந்த டயரை அளந்தால் உயரம் குறைவாகத்தானே காட்டும்!

இந்த எண்ணில் முதலில் வருவது டயரின் அகலம், அங்குலத்தில். பின்னால் வரும் 8 என்பது ரிம்மின் விட்டம். இந்த வகைச் சின்ன டயர்களில் அகலமும் உயரமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஆகவே 4.00-8 டயரின் மொத்த விட்டம் 8 + 4 + 4 = சுமார் 16 அங்குலம். 3.50-8 என்றால் சுமார் 15. நம்ம ஊர் ஆட்டோக்களில் ஓடுவதும் இந்த 4.00-8 அளவுதான் என்பது எத்தனை பேர் கவனித்திருப்பீர்கள்?

ஒரு அங்குல வித்தியாசம் என்ன செய்யும்? இடது பக்கம் அரை அங்குலம் தாழ்ந்து வண்டி சாயும். தொட்டியில் இருக்கிற மண்ணின் பாரம் அந்தப் பக்கம் சரியும். பாரம் கூடின சக்கரம் மண்ணில் அதிகம் புதையும், இழுவை கூடும், வண்டி அந்தப் பக்கமே திரும்பும். அதை நேராக்க அண்ணனின் இடது தோள்தான் உழைக்க வேண்டும். ஆக, ஒன்று தேய்ந்திருந்தாலும் இரண்டையும் ஜோடியாகப் பார்த்து மாற்றுவதே நல்லது.

டயர் பேசும், கேளுங்கள்

புதுசு வாங்கும் முன் பழசு ஏன் தேய்ந்தது என்று பாருங்கள். நடுவில் மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் தேய்ந்தால் ஆக்சில் வளைந்திருக்கலாம், அல்லது பேரிங் ஆட்டம் கண்டிருக்கலாம். பக்கவாட்டில் வெடிப்பு வெடிப்பாக இருந்தால் வெயிலும் வயசும். எங்கள் டயரில் உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தது. ஆக்சிலைக் கழற்றி ஒர்க்‌ஷாப் சர்ஃபேஸ் பிளேட்டில் உருட்டினோம். தடக் தடக்கென்று குதித்தது. வளைவு! நான் எத்தனை டயர் மாற்றியிருந்தாலும் அதுவும் தேய்ந்துதான் போயிருக்கும்.

வாங்கும் முன் நாலு அளவு

1. டயர் எண். ஒரு டயரில் அழிந்திருந்தால் மற்றதில் பாருங்கள்.

2. ஆக்சிலின் விட்டம். வெர்னியரில் எடுங்கள், கண் மதிப்பு வேண்டாம். எங்களுடையது 20 மி.மீ. அதற்கு 6204 பேரிங். 04 முதல் மேலே உள்ள எண்களில் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும். 00, 01, 02, 03 மட்டும் விதிவிலக்கு. அவை முறையே 10, 12, 15, 17 மி.மீ. மண்ணில் ஓடும் வண்டிக்கு இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள பேரிங்காகக் கேட்டு வாங்குங்கள்.

3. ஹப்பின் நீளம். இது கூடினால் காட்டர் பின் போடும் துளை மறைந்துவிடும். குறைந்தால் சக்கரம் ஆடும். சின்னக் குறையை வாஷர் போட்டுச் சரிக்கட்டலாம்.

4. தாங்கும் பாரம். எங்கள் தொட்டி இரண்டரை அடி நீளம், இரண்டடி அகலம், ஓரடி ஆழம். ஐந்து கன அடி, அதாவது சுமார் 140 லிட்டர். ஈர மண் லிட்டருக்கு 1.8 கிலோ என்று வைத்தால் 250 கிலோ! வண்டியின் எடையும் சேர்ந்தால் ஒரு சக்கரத்துக்கு 140 கிலோவுக்குக் கிட்ட வருகிறது. காய்ந்த இலையை மனதில் வைத்து வாங்கினால் மழைக்காலத்தில் ரிம் நெளியும்.

உயிர் போகிற விஷயம்

இந்த வகை ரிம்கள் பலவும் ஸ்கூட்டர் வீல் மாதிரி இரண்டு தட்டுகளைச் சேர்த்து போல்ட் போட்டவை. என் நண்பன் வலது சக்கரத்தின் நட்டில் ஸ்பானரை வைத்ததுதான் தாமதம், "டேய், மொதல்ல காத்தை எறக்குடா!" என்று இன்ஸ்ட்ரக்டர் சார் கத்தினார். 30 பவுண்டு காற்று என்றால் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 30 பவுண்டு, அதாவது 13 கிலோவுக்கு மேல், தள்ளிக் கொண்டிருக்கிறது. கடைசி நட்டு கழன்றால் தட்டு முகத்தில் பாயும். ஆகவே வால்வு ஊசியைக் கழற்றி, காற்று முழுதும் போனபின்தான் ஸ்பானர். மறக்காதீர்கள்.

மாட்டும் முறை

வண்டியைச் செங்கல் மேல் அசையாமல் நிறுத்துங்கள். பேரிங்கை ஹப்பில் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும் தட்டுங்கள். உள் வளையத்தில் அடித்தால் குண்டுகள் தடம் பதித்து, புதுசிலேயே கரகரக்கும். டியூபில் கொஞ்சம் காற்று ஏற்றி உருண்டையாக்கி, பவுடர் தடவி டயருக்குள் வையுங்கள். மடிப்பு விழாது. ரிம்மை மூடும்போது தட்டுகளுக்கு நடுவே டியூப் சிக்காமல் பார்த்து, நட்டுகளை எதிரெதிராக முடுக்குங்கள். டயரில் அச்சிட்ட அளவுக்கு மேல் காற்று வேண்டாம். பழைய காட்டர் பின்னை மறுபடி போடாதீர்கள்.

புது 20 மி.மீ. ராடு, இரண்டு 4.00-8 சக்கரங்கள், நாலு பேரிங். ஒரு சனிக்கிழமை மதியத்தில் வேலை முடிந்தது. நான் முதலில் வாங்கிய சக்கரத்தைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. அது என் அறையில் கட்டிலுக்கடியில் கிடக்கிறது, எண்பத்தேழு மார்க்கை ஞாபகப்படுத்திக் கொண்டு.

திங்கட்கிழமை காலை அண்ணன் மண் நிறைத்து இழுத்துப் பார்த்தார். வண்டி நேராகப் போனது. "அட, இவ்ளோ லேசா இருக்குமா இது!" என்றார்.

நண்பர்களே, அந்த வண்டி என்றைக்கும் லேசாகத்தான் இருந்திருக்க வேண்டும். வெர்னியர் நம் பையில், தோள்வலி அவர் உடம்பில். நடுவில் இருந்தது நாலு அளவுதான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு வண்டி கரகரத்துக் கொண்டிருக்கும். அவர் வந்து கேட்கும் வரை காத்திருக்காதீர்கள்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை