முழுமுகக் கவசத்துக்குள் காற்று நின்றுபோனால்

தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் வெள்ளத்தால் சிக்கிக்கொண்ட 12 சிறுவர்களையும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரையும் 2018 ஜூலை 8 முதல் 10 வரை, மூன்று நாட்களில் நீருக்கடியில் வெளியே கொண்டுவந்தார்கள். பதற்றத்தில் கைகால்களை உதறிவிடக் கூடாதே என்று ஆஸ்திரேலிய மயக்க மருத்துவர் ரிச்சர்ட் ஹாரிஸ் சிறுவர்களுக்குக் கெட்டமின் மருந்து செலுத்தினார். நினைவில்லாதவரால் ரெகுலேட்டரின் வாய்ப்பிடியைப் பற்களால் கவ்விக்கொள்ள முடியாது. அதனால் நெற்றி முதல் தாடை வரை மூடும் முழுமுகக் கவசத்தை மாட்டினார்கள். சுற்றியுள்ள நீரைவிடச் சற்றுக் கூடுதலான அழுத்தத்தில் உள்ளே காற்று இருப்பதால், விளிம்பில் சிறு இடைவெளி விழுந்தாலும் காற்றுதான் வெளியே போகும், தண்ணீர் உள்ளே வராது. சிறுவர்கள் உயிரோடு திரும்பியதில் இந்தக் கருவிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் கவசத்துக்குள் காற்று நின்றிருந்தால் அந்தச் சிறுவர்களால் எதுவும் செய்திருக்க முடியாது. அந்தப் பொறுப்பு முழுவதையும் அவர்களைச் சுமந்துவந்த முக்குளிப்பு வீரர்கள் ஏற்றிருந்தார்கள். நினைவோடு, தன் விருப்பத்தோடு இதை மாட்டிக்கொண்டு கடலில் இறங்குபவருக்கு அந்தப் பொறுப்பு தன்னுடையது. அதை அவர் தண்ணீருக்கு மேலேயே கணக்குப் போட்டு முடித்திருக்க வேண்டும்.

சாதாரண ஸ்கூபாவில் கண்ணையும் மூக்கையும் மூடும் கண்ணாடி வேறு, வாயில் கவ்வும் ரெகுலேட்டர் வேறு. காற்று வராவிட்டால் வாயிலிருப்பதை எடுத்துவிட்டு, கூட வருபவர் நீட்டும் ஆக்டோபஸ் எனப்படும் உபரி ரெகுலேட்டரைக் கவ்வினால் போதும். சில நொடி வேலை, பார்வையும் போகாது. பெரும்பாலான முழுமுகக் கவசங்களில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. வெளியிலிருந்து நீட்டப்படும் எந்த ரெகுலேட்டரையும் வாயில் வைக்க வேண்டுமானால் முதலில் கவசத்தையே கழற்ற வேண்டும். பட்டைகளைத் தளர்த்த வேண்டும், கண்ணில் நீர் புகுந்து எல்லாம் மங்கும், மூக்கு திறந்துகொள்ளும், கவசத்திலுள்ள கருவி வழியான பேச்சுத் தொடர்பு அறுந்துபோகும். இதுவரை கதகதப்பாக இருந்த முகத்தில் குளிர்நீர் திடீரென்று மோதினால் உடல் தன்னையறியாமல் மூச்சை உள்ளிழுக்கப் பார்க்கும். இதெல்லாம் நடக்கும்போது நுரையீரலில் காற்று இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆகவே இந்தக் கவசத்தோடு இறங்குபவருக்கு அவசரக் காற்று கவசத்துக்கு உள்ளேயே வந்து சேர வேண்டும் என்பதே என் வாதம். தனி ரெகுலேட்டர் பொருத்திய இரண்டாவது சிலிண்டர், அதையும் முதன்மைச் சிலிண்டரையும் கவசத்தோடு இணைக்கும் ஒரு மாற்று வால்வு: கையால் திருப்பினால் முகத்தைத் திறக்காமலே அடுத்த மூச்சு கிடைக்கும்.

அந்தச் சிலிண்டர் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? இங்கேதான் பலர் உத்தேசமாக விட்டுவிடுகிறார்கள். நிதானமாக நீந்தும் ஒருவர் கடல்மட்ட அளவில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 லிட்டர் காற்று இழுக்கிறார் என்று வைப்போம். பயம் வந்தால் அது இரட்டிப்பாகி 40 லிட்டராவது எளிது. 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கடல்மட்டத்தைப் போல நான்கு மடங்கு. எனவே அங்கே நிமிடத்துக்கு 160 லிட்டர். என்ன நடந்தது என்று புரிந்துகொண்டு வால்வைத் திருப்பி, துணைக்குச் சைகை காட்ட ஒரு நிமிடம் என்றால் அந்த 160 போயிற்று. நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் 5 மீட்டர் வரை ஏற ஏறக்குறைய மூன்று நிமிடம், 310 லிட்டர். 5 மீட்டரில் வழக்கமான மூன்று நிமிடப் பாதுகாப்புத் தங்கல், 180 லிட்டர். கடைசி ஏற்றத்துக்கு 25. கூட்டினால் 675 லிட்டர். பரவலாக எடுத்துச் செல்லப்படும் 3 லிட்டர் சிறு சிலிண்டரை 200 பார் வரை நிரப்பினால் கிடைப்பதோ 600 லிட்டர்தான். தங்கலை விட்டுவிட்டால் போதும் என்று சொல்லலாம். ஆனால் விபத்தின்போது கைவிட வேண்டியதைத் திட்டத்திலேயே கைவிடுவது திட்டமல்ல. அதே சிலிண்டர் 18 மீட்டர் ஆழத்துக்குத் தாராளம், அங்கே இதே கணக்கு 440 லிட்டரைச் சுற்றித்தான் வரும். சிலிண்டரைப் பெரிதாக்குங்கள், இல்லையேல் ஆழத்தைக் குறையுங்கள்.

முதன்மைச் சிலிண்டரில் 50 பார் மிச்சம் வைக்கிறோமே, அது அவசரக் காற்று ஆகாதா என்று கேட்கலாம். 12 லிட்டர் சிலிண்டரில் அதுவும் 600 லிட்டர்தான், அளவில் அந்தச் சிறு சிலிண்டருக்குக் குறைவில்லை. ஆனால் அதே வால்வு, அதே ரெகுலேட்டர், அதே குழாய் வழியாகத்தான் அது வர வேண்டும். அவற்றில் ஒன்று பழுதானால் மிச்சக் காற்று முதுகில் இருந்தும் பயனில்லை. கண்ணாடி உடைவது, விளிம்பு கிழிவது என்று கவசமே கெட்டுப்போனால் மாற்று வால்வாலும் பயனில்லை. காற்று போவது ஒரு விபத்து, கவசம் போவது இன்னொன்று. இரண்டாவதற்காகவே அவசரச் சிலிண்டரில் வாயில் கவ்வக்கூடிய ஒரு ரெகுலேட்டரும் தொங்க வேண்டும். சட்டைப்பையில் ஒரு சாதாரணக் கண்ணாடியும் இருக்க வேண்டும்.

இதற்கு வரும் எதிர்வாதங்களில் வலுவானது, உறுப்புகள் கூடக்கூடப் பழுதுக்கான வழிகளும் கூடும் என்பது. உண்மைதான். மாற்று வால்வு தவறான பக்கம் திரும்பியிருந்தால் ஒருவர் தன்னையறியாமல் அவசரக் காற்றையே முதலில் குடித்துத் தீர்த்துவிட முடியும். ஆபத்து வரும்போது அந்தச் சிலிண்டர் காலியாக இருக்கும். ஆனால் இதற்கு மருந்து வால்வைத் தவிர்ப்பதல்ல. தொழில்முறை ஸ்கூபாவுக்கான அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதி, ஒவ்வொருவரும் உபரிக் காற்றைத் தம் உடலோடு சுமக்க வேண்டும் என்கிறது. இறங்குமுன் அதன் வால்வு மூடியிருக்க வேண்டும் என்றும் கூடவே சொல்கிறது. அப்படி மூடியே வைத்தால் அவசரத்தில் இரண்டு கை வேலைகள்: சிலிண்டரைத் திறப்பது, பிறகு மாற்று வால்வைத் திருப்புவது. கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் செய்யப் பழகியவருக்கு அது சுமையாக இராது.

வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடலில் பேசியபடி மீன் பார்க்க இறங்குபவருக்கு இத்தனையும் தேவையா? முகத்தில் குளிரடிக்காத நீரில், கைக்கெட்டும் தூரத்தில் துணை இருக்க, கவசத்தைக் கழற்றி ஆக்டோபஸுக்கு மாறுவது நடக்கக்கூடியதே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது பழகிய கைக்கு மட்டுமே நடக்கும். கவசம் முகத்திலேயே இருந்துவிடுவதால் அதைக் கழற்றிப் பழகும் வாய்ப்பு வழக்கமான முக்குளிப்பில் வருவதேயில்லை. பேச்சுக் கருவி இருக்கிறதே, கூப்பிட்டால் வரமாட்டார்களா என்பதும் பலவீனமான ஆறுதல். பேசவே வெளிமூச்சு வேண்டும். காற்று நின்ற கவசத்துக்குள் ஒரு சொல்லுக்குமேல் மிஞ்சாது.

அடுத்த விடுமுறையில் யாராவது உங்களுக்கு முழுமுகக் கவசம் மாட்டிவிட்டால், இறங்குமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: அவசரக் காற்று எந்த வழியாக என் வாய்க்கு வரும், போகும் ஆழத்துக்கு அது எத்தனை லிட்டர்? பதில் உடனே வராவிட்டால் அன்று கவசத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாதாரணக் கண்ணாடியோடு இறங்குங்கள். பதில் வந்தாலும், இடுப்பளவுத் தண்ணீரில் கவசத்தைக் கழற்றி, ரெகுலேட்டரைக் கவ்வி, கண்ணாடியை மாட்டிக்கொள்வதைக் கை தடுமாறாத வரை செய்து பார்த்துவிட்டுப் போங்கள்.