அசையும் அழுத்தமும்

நெடிய ஆங்கிலச் சொல்லொன்றைக் கண்டு மாணவன் நாத் தடுமாறுவதை வகுப்பறையில் நாம் பலகாலும் கண்டிருக்கிறோம். அவன் எழுத்தறியாதவன் அல்லன். சொல்லை எங்கே பிரிப்பது, எங்கே ஊன்றி உச்சரிப்பது என்பதே அவனுக்குப் புலப்படவில்லை. 'அசை பிரித்துப் படி' என்கிறார் ஆசிரியர். அவ்வறிவுரையிலேயே ஒரு சிக்கல் உண்டு.

நம் யாப்பின் அசை வேறு. ஆங்கிலேயரின் 'சிலபிள்' வேறு. யாழ்ப்பாணம் என்பது யாழ்ப்-பா-ணம் என மூன்று நேரசை கொண்ட தேமாங்காய். சிலபிள் எண்ணினும் மூன்றே. பருத்தித்துறையோ பருத்-தித்-துறை என நிரை நேர் நிரையாய்ப் புளிமாங்கனி ஆகின்றது. சிலபிள் கணக்கில் ப-ருத்-தித்-து-றை என ஐந்து. நிரையசை ஈருயிரை ஒன்றாய் இணைத்துக்கொள்ளும். ஆங்கிலத்திலோ பெரும்பாலும் ஓர் உயிரொலிக்கு ஒரு சிலபிள். ஆதலின் எழுதப்பட்ட உயிரெழுத்துக்களை விடுத்து, ஒலிக்கும் உயிர்களை எண்ணுவதே நேரிய வழி.

அடுத்தது அழுத்தம். தமிழில் குறிலும் நெடிலும் மாத்திரையால் வேறுபடும். ஆங்கிலத்திலோ ஓரிடம் ஓங்க, ஏனைய இடங்கள் பெரும்பாலும் மெலியும். 'இகொனமி' என்பதில் இரண்டாம் சிலபிள் ஓங்கும். 'எக்கனொமிக்' என்பதில் மூன்றாவது. 'இக்', 'ஷன்', 'இற்றி' என முடியும் சொற்களில் அவ்விறுதிக்கு முன்னின்றதே பெரும்பாலும் ஓங்கும். எ-டியு-கே-ஷன் என்பதில் 'கே'; யூ-னி-வேர்-சிற்-றி என்பதில் 'வேர்'. 'கத்தோலிக்' போன்று முதலில் ஓங்கும் விதிவிலக்குகளும் உள. 'பிறெசென்ற்' முதலில் ஓங்கினால் பரிசு. பின்னர் ஓங்கினால் வழங்குதல். இடம் மாறினாற் பொருளும் மாறும்.

இவ்விரு கல்வியும் இம்மண்ணில் ஒருங்கே வளர்ந்தவையே. அமெரிக்க மிசனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி, 1855 இல் மூடப்படும்வரை ஆங்கிலத்தோடு தமிழையும் கற்பித்தது. அங்குப் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார்; 1881 இல், யாப்பிலக்கணமும் கூறும் வீரசோழியத்தைப் பதிப்பித்தார். ஒரு மொழியிற் பெற்ற பயிற்சி மற்றொரு மொழிக்குப் பகையன்று என்பதற்கு அவரே சான்று.

ஆகவே ஆசிரியப் பெருமக்களே, தடுமாறும் மாணவனை நகையாதீர்கள். நகைப்புக்கு அஞ்சியவன் பின்னர் வாய் திறவான். சொல்லைக் கரும்பலகையில் எழுதுங்கள். உயிரொலிகளை எண்ணச் செய்யுங்கள். ஓங்குமிடத்தில் கைதட்டச் சொல்லுங்கள். இரு மொழிக் கணக்கும் வேறென்பதை முதலிலேயே உணர்த்திவிட்டால், பருத்தித்துறையைச் சீர் பிரிக்கப் பழகிய செவிக்கு அஃது அரிய செயலன்று.