மாதிரிக்கும் லைனுக்கும் நடுவே

விடியற்காலையில் சிரம்பானின் ராசா சாலையில் தொழிற்சாலை பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள் இருந்த காலத்தில் இதே இருட்டில்தான் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுவார்கள். பால் வெட்டியவர்களின் மகள்கள் செனவாங்கிற்கும் துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டைக்கும் ஆப்பரேட்டர்களாகப் போனார்கள். பேத்திகளில் சிலர் இப்போது அங்கே எஞ்சினியர்கள்.

அப்படி ஒருத்தி எங்கள் வீட்டு வரிசையில் இருக்கிறாள். என்.பி.ஐ. எஞ்சினியர். புதுப் பொருளை முதன்முதலாக லைனில் ஏற்றும் வேலை. வடிவமைப்பாளர் பத்து மாதிரி செய்து காட்டுவார். கைதேர்ந்த ஒருவர் நிதானமாக உட்கார்ந்து பற்றவைத்த பத்தும் நன்றாகவே ஓடும். அதே பொருளை எந்த ஷிப்டில் யார் நின்றாலும், ஆயிரக்கணக்கில், ஒன்றுபோல் வரச் செய்ய வேண்டும். அதற்கு நடுவில் இருக்கும் சில மாதங்கள்தான் அவளுடைய உத்தியோகம்.

ஒரு பைலட் ரன்னில், அதாவது சோதனை உற்பத்தியில், நடந்ததை அவள் சொல்லக் கேட்டேன். போர்டில் ஒரு கெப்பாசிட்டர். நீளம் 1 மில்லிமீட்டர், அகலம் அதில் பாதி. ஈயம் கலக்காத சோல்டர் பசையை அச்சுப்போல் தடவி, மெஷின் உருப்படிகளை அதன்மேல் வைக்க, போர்டு அடுப்புக்குள் நகரும். 217 டிகிரியில் பசை உருகத் தொடங்கும். உச்ச வெப்பம் 240 டிகிரியைத் தாண்டும். வெளியே வந்த பல போர்டுகளில் அந்தக் கெப்பாசிட்டர் ஒரு காலை ஊன்றி மறுகாலைத் தூக்கி, நடுகல் மாதிரி நிமிர்ந்து நின்றது. பழுதென்று மெஷினும் காட்டியது. ஆனால் உருப்பெருக்கிக்கு முன்னால் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கும் அக்காதான் சொன்னார்: "எல்லாம் ஒரே பக்கமாத்தான் தூக்குதும்மா."

காரணம் அந்தப் பேச்சில்தான் இருந்தது. தூக்கிய காலுக்குக் கீழே இருந்த செம்புத்திட்டு, போர்டின் அகலமான செம்புத்தகட்டோடு நேராகச் சேர்ந்திருந்தது. தகடு சூட்டை இழுத்துக்கொள்ள, அந்தப் பக்கம் பசை உருகத் தாமதமாயிற்று. முந்தி உருகிய பக்கம் கெப்பாசிட்டரைத் தன்பக்கம் இழுத்து நிமிர்த்திவிட்டது. கையால் பற்றவைத்த மாதிரிகளில் இது தலைகாட்டவே இல்லை. அங்கே சூட்டுக்கோல் ஒவ்வொரு காலாகத்தானே தொடுகிறது!

அடுப்பின் வேகத்தை மாற்றி அன்று மாலையே சமாளித்திருக்கலாம். ஆனால் அந்த மாற்றம் போர்டில் உள்ள மற்ற அத்தனை உருப்படிகளையும் பாதிக்கும். அவள் வடிவமைப்பாளருக்கு எழுதினாள்: தகட்டையும் திட்டையும் மெல்லிய கழுத்துகளால் இணையுங்கள். மூன்று வாரம் போயிற்று. மேலிடத்திலிருந்து தினமும் ஒரு தொலைபேசி. அந்த மூன்று வாரம் நின்றதற்கே அவளைப் பாராட்டுவேன்.

நிற்காவிட்டால் என்ன ஆகும் என்பதை 2016இல் உலகமே பார்த்தது. சாம்சங்கின் கேலக்ஸி நோட் 7 கைப்பேசிகள் தீப்பிடித்தன. செப்டம்பரில் திரும்பப் பெற்று வேறு நிறுவனத்தின் மின்கலம் போட்டுக் கொடுத்தார்கள். அதுவும் எரிய, அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தினார்கள். சுமார் 700 எஞ்சினியர்கள், 2 லட்சம் கைப்பேசிகள், 30,000 மின்கலங்களை வைத்துச் சோதித்த முடிவு 2017 ஜனவரியில் வெளிவந்தது. முதல் மின்கலத்தில் மூலை நெருக்கம், அதாவது வடிவமைப்புக் குறை. இரண்டாவதில் பற்றவைப்பில் துருத்திய முனைகள். அது செய்முறைக் குறை. என்.பி.ஐ. மேசைக்கு இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.

தோட்டத்து மக்களுக்கு இந்தப் பொறுமை தெரியும். 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் (ஆர்.ஆர்.ஐ.எம்.), புது இனக் கன்றை எடுத்த எடுப்பில் தோட்டங்களுக்குக் கொடுத்துவிடாது. சிறு பாத்தியில் வருடக்கணக்கில் பார்த்து, பிறகு தரம் பிரித்துப் பரிந்துரைக்கும். தேறியதைத்தான் பெரிய பரப்பில் நடச் சொல்லும். ஆர்.ஆர்.ஐ.எம். 600 அப்படித் தேறிப் பரவிய இனம். தவறான கன்றை நட்டுவிட்டால் இருபத்தைந்து வருடம் அதையே வெட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

சிரம்பானில் 1991இல் தொடங்கிய சாம்சங் எஸ்.டி.ஐ. ஆலை முதலில் தொலைக்காட்சிக் குழாய் செய்தது. 2012 முதல் மின்கலம். அப்படி மாறும்போதெல்லாம் பழைய கைகள் புது வேலை பழக வேண்டியிருக்கிறது. எங்கோ தேறி வந்த பொருளை அப்படியே செய்து கொடுப்பதோடு நம் பிள்ளைகள் நின்றுவிடக் கூடாது. அது ஏன் அப்படிச் செய்யப்படுகிறது என்ற கேள்வி எழும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி வேண்டும். அந்த அக்காவுக்கும் அங்கே ஒரு நாற்காலி போட வேண்டும். பைலட் ரன் கூட்டங்களுக்கு ஆப்பரேட்டரை அழைக்கும் வழக்கம் இன்னும் போதாது.

திருத்திய போர்டுகள் வந்த அன்று அந்த எஞ்சினியர் முதல் தட்டை எடுத்துக்கொண்டு நேராக அக்காவிடம் போனாள். அவர் உருப்பெருக்கியில் குனிந்து மெதுவாக நகர்த்திப் பார்த்தார்.

"படுத்திருக்கும்மா. அடுத்தத கொடு."