ஒரு ரோட்டைத் தாண்ட 15 வருஷம்

லண்டனோட தென்மேற்குல ட்விக்கன்ஹாம்னு ஒரு ஏரியா இருக்கு. அங்க ஒரு மெயின் ரோடு. ரோட்டுக்கு ஒரு பக்கம் ஸ்டூப்னு ஒரு சின்ன மைதானம். இன்னொரு பக்கம் சுமார் 82,000 பேர் உட்காரக்கூடிய இங்கிலாந்து ரக்பியோட தலைமை மைதானம். 2010-ல மகளிர் ரக்பி உலகக்கோப்பை ஃபைனல் அந்தச் சின்ன மைதானத்துல நடந்தது. பார்க்க வந்தவங்க சுமார் 13,000 பேர். 2025-ல அதே கோப்பையோட ஃபைனல் பெரிய மைதானத்துல நடந்தது. வந்தவங்க 81,885 பேர்.

இந்த ரெண்டு வருஷமும் இங்கிலாந்து அணியில இருந்தவங்க எமிலி ஸ்காரட். நடுவுல இருக்கிற 15 வருஷத்துல என்னென்ன நடந்ததுன்னு தெரிஞ்சுக்க அவங்களோட விளையாட்டு வாழ்க்கையைப் பார்த்தாலே போதும்.

முதல்ல ரக்பி தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஒரு அணிக்கு 15 பேர். பந்தைக் கையில எடுத்துட்டு ஓடலாம், ஆனா பாஸ் பண்ணும்போது முன்னாடி போடக்கூடாது. எதிரணியோட கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில அழுத்தினா அது ட்ரை, 5 புள்ளி. அதுக்கப்புறம் பந்தைத் தரையில வச்சு, ரெண்டு கம்பத்துக்கு நடுவுல உதைச்சு அனுப்பினா கூடுதலா 2 புள்ளி. அதுக்குப் பேர் கன்வர்ஷன். எதிரணி தப்பு பண்ணி பெனால்டி கிடைச்சா, அதை உதைச்சு 3 புள்ளி எடுக்கலாம்.

1990-ல பிறந்த ஸ்காரட், 2008-ல 18 வயசுல இங்கிலாந்துக்கு ஆட ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி 16 வயசுல அமெரிக்காவுல பாஸ்கெட்பால் ஸ்காலர்ஷிப் வாய்ப்பு வந்தும் போகல. ரக்பியைத் தேர்ந்தெடுத்தாங்க, ஆனா அப்போ அந்த விளையாட்டுல பெண்களுக்குச் சம்பளமே கிடையாது. நாட்டுக்காக ஆடுறவங்க எல்லாரும் பகல்ல வேற வேலை பார்த்துட்டு, மிச்ச நேரத்துல பயிற்சி எடுத்தவங்கதான். ஸ்காரட்டும் ஒரு ஸ்கூல்ல உடற்கல்வி உதவியாளரா வேலை பார்த்தாங்க.

2010 ஃபைனல்ல நியூசிலாந்துகிட்ட 13-10னு தோல்வி. 2014-ல பாரிஸ்ல மறுபடியும் ஃபைனல், இந்தத் தடவை எதிரணி கனடா. இங்கிலாந்து 21-9னு ஜெயிச்சது. அந்த 21-ல 16 புள்ளி ஸ்காரட்டோடது: ஒரு ட்ரை, ஒரு கன்வர்ஷன், மூணு பெனால்டி. அந்தத் தொடர்லயே அதிக புள்ளி எடுத்தவங்களும் அவங்கதான், 70.

அவங்க வேலை எவ்வளவு கஷ்டம்னு நமக்குப் புரியுற மொழியில சொல்றேன். ட்ரை எந்த இடத்துல விழுந்ததோ, அந்த இடத்துக்கு நேர் பின்னாடி இருந்துதான் கன்வர்ஷன் உதைக்கணும். எவ்வளவு தூரம் பின்னாடி போகலாம்ங்கிறது மட்டும் உதைக்கிறவங்க இஷ்டம். கம்பங்களுக்கு நடுவுல 5.6 மீட்டர் இடைவெளி. முதல் வருஷ கணக்குல வந்த மேக்ஸிமா மினிமா ஞாபகம் இருக்கா? கம்பங்களோட மையத்துல இருந்து 15 மீட்டர் தள்ளி ட்ரை விழுந்தா, கோட்டுக்குக் கிட்ட நின்னாலும் கோணம் சின்னதாகும், ரொம்பப் பின்னாடி போனாலும் சின்னதாகும். சுமார் 14.7 மீட்டர் பின்னாடி போனா அதிகபட்ச கோணம் கிடைக்கும். அந்த அதிகபட்சமே 11 டிகிரிக்குள்ளதான். 30 மீட்டர் தள்ளி விழுந்தா 5.4 டிகிரிதான். கூடவே 3 மீட்டர் உயரத்துல இருக்கிற குறுக்குக் கம்பிக்கு மேலயும் பந்து போகணும். இதையெல்லாம் மூச்சு வாங்க ஓடி, மோதி, விழுந்து எழுந்த அடுத்த நிமிஷமே பண்ணணும்.

இனி சம்பளக் கதைக்கு வருவோம். 2014-ல கோப்பை ஜெயிச்ச பிறகுதான் இங்கிலாந்து ரக்பி நிர்வாகம் 20 பெண்களுக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்தது. அதுவும் ஒரு அணிக்கு ஏழு பேர் ஆடுற செவன்ஸ் ஆட்டத்துக்கு, ஏன்னா அது 2016 ரியோ ஒலிம்பிக்ஸ்ல வரப்போகுது. ரியோவுல பிரிட்டன் அணிக்கு ஸ்காரட்தான் கேப்டன். நாலாவது இடம், பதக்கம் ஒரு படி தள்ளிப் போச்சு. 15 பேர் ஆட்டத்துக்கு 2017 உலகக்கோப்பையை ஒட்டி ஒப்பந்தம் வந்தது. ஆனா தொடர் முடிஞ்சதும் அதைப் புதுப்பிக்க மாட்டோம்னு முன்கூட்டியே சொல்லிட்டாங்க. நடப்பு சாம்பியன் அணி கோப்பையைக் காப்பாத்தப் போகும்போதே, திரும்பி வந்தா வேலை இல்லைன்னு தெரிஞ்சுதான் போச்சு. ஃபைனல்ல நியூசிலாந்துகிட்ட 41-32னு தோத்தாங்க.

15 பேர் ஆட்டத்துக்கு 28 பேரோட நிலையான முழுநேர ஒப்பந்தம் 2019 ஜனவரியிலதான் வந்தது. ஸ்காரட் ஆட ஆரம்பிச்சு பத்து வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. அதே வருஷம் உலகின் சிறந்த வீராங்கனை விருதும் அவங்களுக்குக் கிடைச்சது.

அதோட எல்லாம் சுபம்னு நினைக்காதீங்க. 2021-ல கால் முறிஞ்சது. கொரோனாவால தள்ளிப்போன உலகக்கோப்பை 2022-ல நியூசிலாந்துல நடந்தது. தொடர்ந்து 30 மேட்ச் ஜெயிச்சிருந்த இங்கிலாந்து, ஃபைனல்ல 34-31னு தோத்தது. 18-வது நிமிஷமே ஒருத்தருக்கு ரெட் கார்டு, மிச்ச நேரம் முழுக்க 14 பேரோட ஆடினாங்க. அப்படியும் அஞ்சு ட்ரை போட்டாங்க, ஆனா கன்வர்ஷன் மூணுதான் உள்ள போச்சு. உதைச்சவங்க ஸ்காரட். வித்தியாசம் 3 புள்ளி, போகாத ரெண்டு கன்வர்ஷனுக்கு 4 புள்ளி. கணக்கு எவ்வளவு கொடூரம்னு அன்னைக்கு அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும். ஆனா அதே கால்தான் மொத்தம் 119 சர்வதேச மேட்ச்ல 754 புள்ளி கொண்டுவந்தது. இங்கிலாந்து பெண்கள்ல அதுதான் சாதனை.

2023-ல கழுத்துல ஆபரேஷன். பலரும் அத்தோட நிறுத்தியிருப்பாங்க. அவங்க திரும்பி வந்து 2025 உலகக்கோப்பை அணியில இடம் பிடிச்சாங்க. அது அவங்களோட அஞ்சாவது உலகக்கோப்பை. அமெரிக்காவுக்கு எதிரான முதல் மேட்ச்ல மாற்று வீராங்கனையா இறங்கினாங்க. கனடாவை 33-13னு ஜெயிச்ச ஃபைனல்ல அவங்க களத்துல இல்ல. ஆனா ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த காலத்துல இருந்து அணியைச் சுமந்து வந்தவங்களுக்கும் அந்தக் கோப்பைல பங்கு உண்டுதானே?

அந்த அக்டோபர்லயே ஓய்வு அறிவிச்சுட்டு, கோச்சிங் பக்கம் போயிட்டாங்க. இப்போ இங்கிலாந்து அணிக்குள்ள வர்ற ஒரு 18 வயசுப் பொண்ணு ரக்பியையே தன் வேலைன்னு சொல்லிக்கலாம். அதே வயசுல ஸ்காரட் வந்தப்போ அப்படி ஒரு வேலையே கிடையாது.