இரைச்சல் நீக்கும் கம்பியில்லா இயர்பட்: யாருக்கு உதவும், எங்கே உதவாது?

எங்கள் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு வருவோர் அண்மைக் காலமாகப் பழைய மருந்துச் சீட்டுகளோடு இன்னொரு பொருளையும் மேசைமீது எடுத்து வைக்கின்றனர். உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டி. அதனுள் இரண்டு கம்பியில்லா இயர்பட்கள். 'இதை மாட்டலாமா, கூடாதா?' என்பது அவர்கள் கேள்வி. ஒரே சொல்லில் விடை தர எங்களால் இயலுவதில்லை. அண்மையில் ஒரே வாரத்தில் இரு குடும்பங்களுக்கு நேர்மாறான விடைகளைச் சொல்ல நேர்ந்தது.

முதலாமவர் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு தாய். நான்கு மணி நேரம் இயந்திரங்களின் உறுமலுக்கும் ஏசியின் இரைச்சலுக்கும் நடுவே படுத்திருப்பது அவருக்குத் தலைவலியைத் தந்தது. மகள் வாங்கித் தந்த இயர்பட்டில் மெல்லிய ஒலியில் பழைய பாடல்களைக் கேட்கலாமா என்று வினவினர். தாராளமாகக் கேட்கலாம் என்றோம். இரண்டாமவர் கொண்டலாம்பட்டிப் பகுதியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக விசைத்தறி ஓட்டுபவர். இரவில் காதுக்குள் 'கீ' என்று ஓர் ஒலி ஓயாமல் கேட்பதாகச் சொன்னார். உடன் வந்த மகன், "தறிச் சத்தம் அப்பா காதுக்குப் போகக் கூடாதுன்னுதான் டாக்டர், முதல் மாசச் சம்பளத்துல இதை வாங்கினேன்" என்றார். தறிக்கூடத்தில் இதை நம்பி நிற்கக் கூடாது என்று நாங்கள் சொன்னபோது அவர் முகம் வாடியது. இரைச்சலை நீக்கும் என்றுதானே பெட்டியின் மேல் எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

அமைதி எப்படி உண்டாகிறது?

ஒலி என்பது காற்றில் மேடும் பள்ளமுமாக வரும் அழுத்த அலை. இயர்பட்டின் வெளிப்புறத்தில் உள்ள நுண்ணிய மைக் சுற்றுப்புற ஒலியைக் கேட்கிறது. உள்ளிருக்கும் சிப் அந்த அலைக்கு நேர் எதிரான அலையை உடனுக்குடன் உருவாக்கிக் காதுக்குள் விடுகிறது. ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தோடு சேர, இரண்டும் தணிகின்றன. இந்தக் கருத்து புதியதன்று. ஜெர்மானியரான பால் லூயெக் 1936ஆம் ஆண்டிலேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1978இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் பயணம் செய்த பேராசிரியர் அமர் போஸ், எஞ்சின் இரைச்சலில் பாட்டுக் கேட்க இயலாமல் அந்தப் பயணத்திலேயே கணக்குப் போடத் தொடங்கினார். அவர் வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற ஒரு விடுதலை இயக்கத்தவரின் மகன். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை 1989இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

விமான எஞ்சினுக்காகப் பிறந்த கருவி என்பதை மனத்தில் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். மாறாமல் ஒரே சீராக வரும் தாழ்ந்த ஒலியை, அதாவது ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள உறுமலை, இது நன்றாகத் தணிக்கும். பேருந்து எஞ்சின், ரயில் பெட்டியின் ஓட்டச் சத்தம், மின்விசிறி, ஏசி ஆகியன அத்தகையவை. திடீரென எழும் ஒலிகளையும், கீச்சென்ற உயர்ந்த ஒலிகளையும் எதிர் அலையால் பிடிக்க இயலாது. குக்கர் விசிலோ குழந்தையின் அழுகையோ சற்றுக் குறைவாகக் கேட்டால், அது காதை அடைக்கும் சிலிக்கான் முனையின் வேலையே தவிர, சிப்பின் வேலையன்று.

உண்மையான நன்மை

இக்கருவியின் பெரிய நன்மை, பாட்டின் ஒலியைக் குறைத்து வைக்க உதவுவதுதான். சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் பேருந்தில் செல்பவர், எஞ்சின் இரைச்சலை மீறிப் பாட்டுக் கேட்க வேண்டும் என்பதற்காகவே ஒலியை மேலே மேலே கூட்டுகிறார். அந்த இரைச்சல் தணிந்தால், பாதி அளவிலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும்.

இதன் மதிப்பைச் சில எண்கள் காட்டும். உலக நலவாழ்வு அமைப்பின் கணக்குப்படி, பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்திற்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். ஒலி 3 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் இரு மடங்காகும். ஆகவே பாதுகாப்பான நேரம் பாதியாகும். 90 டெசிபலில் வாரம் முழுவதற்கும் ஏறக்குறைய நான்கு மணி நேரமே மிஞ்சும். 100 டெசிபலில் இருபது நிமிடம். கைப்பேசியின் ஒலியை முழுமையாகக் கூட்டினால் பல இயர்பட்கள் இந்த 100ஐ எட்டிவிடும். சிறுவர்க்கு வரம்பு இன்னும் குறைவு: 75 டெசிபல். ஒலியளவுக் கோட்டை 60 விழுக்காட்டுக்கு மேல் நகர்த்தாதீர்கள் என்பது பொதுவான அறிவுரை. பல கைப்பேசிகளில் உச்ச வரம்பை நிரந்தரமாகப் பூட்டி வைக்கும் அமைப்பு உண்டு; பிள்ளைகளின் கைப்பேசியில் பெற்றோர் அதைச் செய்துவிடலாம். இத்தகைய கருவிகளை நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் பயன்படுத்த வேண்டாம் என்று மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககமும் 2025 பிப்ரவரியில் அறிவுறுத்தியது.

டயாலிசிஸ், கீமோதெரபி போன்று நெடுநேரம் ஒரே இடத்தில் இருக்க வேண்டியவர்களுக்கும், வார்டு இரைச்சலில் உறக்கம் வராதவர்களுக்கும் இது நல்ல துணை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். காதிரைச்சல் உள்ளவர்களுக்கு முழு அமைதி நன்மை செய்வதில்லை. வெளியொலி மறைந்ததும் உள்ளொலி பெரிதாகிவிடும். அவர்கள் மழைச் சத்தம் போன்ற மெல்லிய ஒலியை ஓடவிட்டுக்கொள்வது நல்லது.

தறிக்கூடத்தில் ஏன் உதவாது?

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் தறிச் சத்தம் கேட்காத ஊர்கள் குறைவு. அம்மாபேட்டை, ஜலகண்டாபுரம், தாரமங்கலம், பள்ளிபாளையம், குமாரபாளையம் எனப் பல இடங்களில் தறிக்கூடமும் வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன. தறிக்கூடத்தின் ஒலி 90 டெசிபலைத் தாண்டுவது இயல்பு. எட்டு மணி நேர வேலைக்கு இந்தியத் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் வரம்பே 90தான். 85க்கு மேல் போனாலே காதுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை.

நாடாத் தறியில் நாடாவை அடித்து அனுப்பும் ஒவ்வோர் அடியும் ஒரு சிறு சம்மட்டி அடி. ஒரு நிமிடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அடிகள். ஒரு கூடத்தில் பல தறிகள். இது விமான எஞ்சினின் சீரான உறுமல் அன்று. தெறித்து விழும் கூரிய ஒலி. எதிர் அலை உருவாவதற்குள் அடி காதை அடைந்துவிடுகிறது. அடிநிலை உறுமல் மட்டும் குறைவதால், அணிந்தவருக்கு 'சத்தம் குறைந்துவிட்டது' என்ற நிம்மதி உண்டாகிறது. எங்களுக்கு அச்சம் தருவது அந்த நிம்மதிதான். பாட்டுக் கேட்பதற்காக விற்கப்படும் இயர்பட்களில் பெரும்பாலானவை தொழிலிடக் காதுக் காப்பாகச் சோதித்துச் சான்று பெற்றவையும் அல்ல. தறிச் சத்தத்தை மீறிப் பாட்டுக் கேட்க ஒலியைக் கூட்டினாலோ, காதுக்கு இரட்டைச் சுமை.

உட்செவியில் சுருள் வடிவில் உள்ள காக்ளியாவில் ஏறக்குறைய 15,000 மயிரிழைச் செல்கள் உள்ளன. அவை பேரொலியால் அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸ் பகுதி. அந்த நெசவாளரின் ஆடியோகிராமிலும் கோடு சரியாக அந்த இடத்தில் பள்ளமாக இறங்கியிருந்தது. இந்த நிலையில் பேச்சு கேட்கும், சொல் பிடிபடாது. 'சட்டி' என்றால் 'தட்டி' என்று கேட்கும். வீட்டில் உள்ளவர்கள் 'அவருக்குக் கவனம் இல்லை' என்று சலித்துக்கொள்வார்கள். வலி இல்லாததால் ஆண்டுகள் கழிந்தே மருத்துவரிடம் வருகிறார்கள்.

தறிக்குப் பொருத்தமானது மருந்துக் கடையிலும் பாதுகாப்புச் சாதனக் கடையிலும் கிடைக்கும் பஞ்சு போன்ற ஃபோம் காதடைப்பான். விலை மிகக் குறைவு. விரல்களால் மெல்லிய திரியாக உருட்ட வேண்டும். மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். உருட்டாமல் அப்படியே செருகினால் பயன் பாதிகூட இராது. சாதாரணப் பஞ்சைக் காதில் திணிப்பதால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. வெப்பத்தைத் தாங்க முடிந்தவர்கள் காது முழுவதையும் மூடும் கவசத்தையும் அணியலாம்.

கேட்காமல் போகும் ஒலிகள்

சேலம் சந்திப்பு ரயில் நிலையம் இருப்பது நம் சூரமங்கலத்தில்தான். தண்டவாளம் நம் அன்றாட வழியில் குறுக்கிடுகிறது. மின்சார எஞ்சினில் ஓடிவரும் ரயில் தொலைவில் எழுப்புவது சீரான, தாழ்ந்த ஒலி. இந்தக் கருவி முதலில் நீக்குவது அதே வகை ஒலியைத்தான் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். தண்டவாளம் அருகிலும், சாலையைக் கடக்கும்போதும், இருசக்கர வாகனத்திலும் இதை அணிய வேண்டாம். வெளியொலியை உள்ளே விடும் அமைப்பு பல கருவிகளில் உண்டு. நடைமேடையில் அறிவிப்புக் கேட்க அது உதவும். தண்டவாளத்தைக் கடக்க அதையும் நம்பக் கூடாது.

நோயாளிக்குத் துணையாக இரவில் தங்குவோருக்கும் இது பொருந்தும். களைப்பில் இயர்பட்டை மாட்டிக்கொண்டு உறங்கிவிட்டால், நோயாளி கூப்பிடுவதும் செவிலியர் அழைப்பதும் கேட்பதில்லை. இருவர் முறை வைத்துத் துணையிருந்தால், ஓய்வெடுப்பவர் மட்டும் அணியலாம்.

காதுத் துளையின் நலம்

காதுக் குறும்பி தானாகவே வெளியேறும் இயல்புடையது. நாள்தோறும் பல மணி நேரம் இயர்பட்டைச் செருகினால் குறும்பி உள்ளே தள்ளப்பட்டு அடைத்துக்கொள்ளும். நம் கோடையில் அடைபட்ட காதுக்குள் வியர்வை தேங்கி, பூஞ்சை வளர்கிறது. அரிப்பு எடுத்ததும் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவது பலர் வழக்கம். அந்த ஈரம் பூஞ்சைக்கு இன்னும் வசதி. எண்ணெயும் வேண்டாம், பட்ஸும் வேண்டாம். மணிக்கு ஒருமுறை கழற்றிக் காற்றுப்படவிடுங்கள். சிலிக்கான் முனைகளைத் தனியே கழற்றி வாரம் இருமுறை சோப்பு நீரில் கழுவி, நன்கு உலர்த்துங்கள். ஒருவர் அணிந்ததை மற்றவர் அணியலாகாது.

செவிப்பறையில் துளை உள்ளவர்கள், காதில் சீழ் வடிபவர்கள், அண்மையில் காது அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் நாங்கள் சொல்லும் வரை காதுக்குள் எதையும் செருகக் கூடாது. நீரிழிவு நோயாளிகளிடம் இதைச் சற்று அழுத்தமாகவே சொல்கிறோம். காதுத் துளையில் ஏற்படும் சிறு சிராய்ப்பு, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு எலும்பு வரை பரவும் தொற்றாக மாறக்கூடும். இரவில் உறங்கவிடாத காதுவலி வந்தால் மறுநாளே வந்துவிடுங்கள்.

'ஒரு பக்கம் பாடவில்லை'

இயர்பட்டில் திடீரென ஒரு பக்கம் கேட்கவில்லை என்றால் எல்லோரும் கருவி பழுது என்றே எண்ணுகிறார்கள். கடைக்குப் போகிறார்கள், சார்ஜ் போட்டுப் பார்க்கிறார்கள். அரிதாக, பழுதானது காதாக இருக்கும். சோதிப்பது எளிது: இரு காதிலும் கைப்பேசியை மாற்றி மாற்றி வைத்துப் பேசிப் பாருங்கள். கைப்பேசியும் அதே காதில் கேட்கவில்லை என்றால், அது திடீர்ச் செவித்திறன் இழப்பாக இருக்கலாம். அது அவசர நிலை. முதல் சில நாட்களுக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் கேள்வித்திறன் திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டு வாரம் கடந்தால் வாய்ப்பு வெகுவாகச் சுருங்கிவிடும். 'சளி அடைப்பாக இருக்கும்' என்று காத்திருந்து ஒரு மாதம் கழித்து வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

கதிர்வீச்சு குறித்துப் பலரும் அஞ்சுகின்றனர். புளூடூத்தின் திறன் சில மில்லிவாட் அளவே. காதில் வைத்துப் பேசும் கைப்பேசியைவிடக் குறைவு. அதனால் புற்றுநோய் வரும் என்பதற்குச் சான்று இல்லை. ஆனால் இயர்பட்டிலும் அதன் பெட்டியிலும் காந்தம் உண்டு. பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவர்கள் பெட்டியைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது. கருவிக்கும் அதற்கும் 15 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும்.

வயதான பெற்றோருக்குக் காதொலிக் கருவிக்குப் பதில் இயர்பட் வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 செப்டம்பரில் ஏர்பாட்ஸ் ப்ரோ கருவிக்கான காதொலி மென்பொருளுக்கு அனுமதி அளித்தது. அது 18 வயது நிறைந்த, லேசானது முதல் மிதமான இழப்பு உள்ளவர்களுக்கு மட்டும். எந்த அளவு இழப்பு என்பதை ஆடியோகிராம் இல்லாமல் அறிய முடியாது. பரிசோதனைக்கு முந்தைய 14 மணி நேரமாவது காதுக்குப் பேரொலியிலிருந்து ஓய்வு வேண்டும்; இல்லையெனில் தற்காலிக மந்தமும் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே தறி ஓட்டுபவர்கள் வேலை முடித்த கையோடு வராமல், தறி ஓடாத விடுமுறை நாளுக்கு அடுத்த காலையில் வாருங்கள். இயர்பட் பெட்டியையும் கொண்டு வாருங்கள். அதன் முனை உங்கள் காதுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்வோம்.