கரைமேல் ஊர்கள் – 9: வீட்டுக்காரர் எங்கே?

சென்ற வாரம் காளமேகப் புலவரோடு திருமலைராயன்பட்டினத்துக்குள் நுழைந்தோம். இந்த வாரம் அதே ஊரின் நெடுஞ்சாலையோரம் நிற்கலாம். ஆகஸ்ட் கடைசி. வேளாங்கண்ணியில் 29ஆம் தேதி கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். சென்னை, புதுச்சேரி, கடலூர்ப் பக்கமிருந்து காவி உடுத்தி, சாரிசாரியாக நடந்து வருகிறார்கள். முன்னால் தள்ளுவண்டியில் சின்ன மாதா சொரூபம், சீரியல் விளக்கு, ஒலிபெருக்கி. பின்னால் கொப்புளம் வெடித்த பாதத்தில் துணி சுற்றி நொண்டும் ஆட்கள். வாஞ்சூர் எல்லையில் வரிசைகட்டி நிற்கும் மதுக்கடைகளைத் தாண்டினால் நாகூர், அப்புறம் நாகப்பட்டினம். (சிலருக்கு மொத்த நடையிலும் கடினமான இடம் அந்த வாஞ்சூர்தான்.)

இப்படி நடப்பவர்களுக்கு அவர்களுடைய கத்தோலிக்கத் திருச்சபை சொல்லிக்கொடுத்திருப்பது வேறு மாதிரி இருக்கிறது. ஞானஸ்நானம் பெற்ற ஆத்துமத்தில் கடவுளே குடியிருக்கிறார் என்கிறது அது. கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்திலேயே இது உண்டு. 1897இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தூய ஆவியைப் பற்றி எழுதிய சுற்றுமடலும் இதைத்தான் விரித்துப் பேசுகிறது. உள்ளேயே இருப்பவரைப் பார்க்க ஏன் இவ்வளவு தூரம் நடக்க வேண்டும்?

நமக்கு உடனே பூசலார் நினைவுக்கு வருவார். திருநின்றவூரில் கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கல் அடுக்கிக் கோயில் கட்டியவர். அவருடைய குடமுழுக்குக்காகக் காஞ்சியில் அரசன் கட்டிய கற்றளியின் நாளையே சிவன் தள்ளிப்போடச் சொன்னதாகப் பெரியபுராணம் சொல்லும். ஆனால் பூசலார் கட்டினார்; நெடுநாள் பாடுபட்டார். கத்தோலிக்கக் குழந்தை எதையும் கட்டுவதில்லை. பால்மணம் மாறாத பிள்ளையைத் தொட்டியருகே தூக்கிப் பிடிக்கிறார்கள், தலையில் தண்ணீர் விழுகிறது, உச்சியில் எண்ணெய் பூசுகிறார்கள், அவ்வளவுதான். பழைய சடங்கில் தண்ணீருக்கு முன்னால் குரு பிள்ளையின் முகத்தில் மூன்று முறை ஊதுவார். அசுத்த ஆவியே, வெளியேறு, தூய ஆவிக்கு இடம் விடு என்பது அதன் கருத்து. பழைய குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸேதான்! 1969இல் வந்த புதிய சடங்குமுறையில் அந்த ஊதல் இல்லை. எனக்கென்னவோ அது இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஆக வீடும் கிடைத்துவிட்டது, வருகிறவரும் வந்துவிட்டார். பிறகென்ன சிக்கல்? அதைச் சொன்னவர் ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலா தெரேசம்மாள். 1577 ஜூன் 2 அன்று தொடங்கி நவம்பர் 29இல் முடித்த நூலில், ஆன்மாவை ஏழு அடுக்குத் தங்குமிடங்கள் கொண்ட பளிங்குக் கோட்டையாக வர்ணிக்கிறார். அரசர் நட்டநடு அறையில் இருக்கிறார். வீட்டுக்குச் சொந்தக்காரரோ வெளிமுற்றத்தில், பூச்சி பொட்டுகளோடு காலம் தள்ளுகிறார். தன் வீட்டுக்குள் தானே எப்படி நுழைவது, இது என்ன பேச்சு என்று படிப்பவர் கேட்பாரே என்று தெரேசம்மாளே முந்திக்கொள்கிறார். செபம்தான் வாசல் என்பது அவர் பதில்.

இந்தக் கரையில் தெரேசம்மாளைப் படித்து யாரும் இதைத் தெரிந்துகொள்ளவில்லை. உபதேசியார் மனப்பாடம் செய்ய வைத்தார். சாவான பாவம் செய்தால் தேவ இஷ்டப்பிரசாதம், அதாவது உள்ளிருக்கும் கடவுளின் அருள், போய்விடும்; குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தால் திரும்பும். பூசையில் நன்மை (நற்கருணை) வாங்குவதற்கு முன் வயிறும் காலியாக இருக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் குடித்தாலும் அன்றைக்கு நன்மை கிடையாது. 1953இல்தான் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீருக்கு விலக்குக் கொடுத்தார்; 1957இல் மூன்று மணி நேரம் என்றானது, 1964இல் ஒரு மணி நேரமாகச் சுருங்கியது. வசதிதான். ஆனால் ஒருவர் வரப்போகிறார் என்று உடம்புக்கே தெரிந்திருந்த அந்தப் பழைய பசியைச் சுலபமாகக் கைவிட்டுவிட்டோம் என்பேன்.

நடையாளிகளுக்கு வருவோம். வேளாங்கண்ணியில் மாதாவுக்கு மாலை போட்ட கையோடு, ஆண்டுக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் பண்ணாதவர்கள் குருவிடம் போய் வரிசையில் நிற்பார்கள். சொந்த ஊர்ப் பங்குச்சாமியிடம் சொல்லக் கூசியதை முகம் தெரியாத சாமியாரிடம் சொல்லிவிடலாம் அல்லவா? நடை அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் அதுதான். அதனால் உள்ளே இருப்பவரைத் தேடி வெளியே நடப்பதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

உள்ளே கடவுள் குடியிருக்கிறார் என்ற நம்பிக்கை கடைசியாகத் தெரியும் இடம் சாவு வீட்டுக்குப் பிறகு வரும் அடக்கப் பூசை. சவப்பெட்டியைச் சுற்றி வந்து குரு தீர்த்தம் தெளிப்பார், தூபம் காட்டுவார். பீடத்துக்குக் காட்டுகிற அதே தூபம். உயிர் போன உடம்புக்கு எதற்கு என்றால், தூய ஆவி குடியிருந்த ஆலயம் அது. அதனாலும்தான் திருச்சபை நெடுங்காலம் எரிப்பதை ஒத்துக்கொள்ளவில்லை. 1963இல் அனுமதி வந்தது; என்றாலும் புதைப்பதே மேல் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். 2016இல் வத்திக்கான் இன்னும் தெளிவாக்கியது: சாம்பலைக் கல்லறையிலோ ஆலயத்திலோ வைக்க வேண்டும், பங்கு போடக் கூடாது, காற்றிலும் நீரிலும் விடக் கூடாது. அக்கம்பக்கத்தார் அஸ்தியைக் கடலில் கரைக்கும் கரையில் இது கொஞ்சம் கடுமையான சட்டம்தான். 2023 டிசம்பரில் சிறு தளர்வு வந்தது. இறந்தவருக்கு முக்கியமான ஓரிடத்தில் துளிச் சாம்பலை வைத்துக்கொள்ள உறவினர் கேட்டால், திருச்சபை அதிகாரிகள் பரிசீலிக்கலாம். கடலில் விடுவதற்கு மட்டும் இன்னும் அனுமதி இல்லை.