பவனா தண்ணீருக்கு விலை வைப்பது யார்?

2021 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் விவசாயிகள் கார் ஏற்றிக் கொல்லப்பட்டதை தேசியவாத காங்கிரஸ் தலைவர் சரத் பவார் ஜாலியன்வாலாபாக் படுகொலையோடு ஒப்பிட்டார். அப்போது மகாராஷ்டிர எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பாஜகவின் தேவேந்திர ஃபட்னவிஸ் சும்மா விடவில்லை. அப்படியானால் 2011இல் புணே அருகே மாவளில் நடந்தது என்ன என்று திருப்பிக் கேட்டார். பவாரும் பதில் வைத்திருந்தார். மாவளில் மக்களைத் தூண்டிவிட்டதே பாஜகதான், அது மக்களுக்குப் புரிந்ததால்தான் 2019இல் எங்கள் வேட்பாளரை ஜெயிக்க வைத்தார்கள் என்றார். ஒரு தண்ணீர்க் குழாய்க்காக உயிர்கள் போய்ப் பத்து வருடம் கழிந்தும், யார் குற்றவாளி என்ற வழக்கு மேடைகளில்தான் நடந்துகொண்டிருந்தது.

தளேகாவ் இந்த மாவள் வட்டாரத்தின் பெரிய ஊர். புணேவிலிருந்து மும்பை போகும் வழியில், தொழிற்பேட்டையும் புதுப்புது அடுக்குமாடிகளுமாகப் பெருத்துக்கொண்டே போகிறது. ஊருக்குத் தண்ணீர் பவனா, இந்திராயணி என்ற இரண்டு ஆறுகளிலிருந்து. அதே பவனாவின் அணை நீரை நம்பித்தான் கீழே பிம்ப்ரி-சிஞ்ச்வட் என்ற தொழில் நகரமும் இருக்கிறது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. அணையில் திறக்கும் நீர் ஆற்றோடு ஓடி வந்து ராவேத் தடுப்பணையில் தேங்கும். அங்கே மோட்டார் வைத்து இறைத்து, நிகடியில் சுத்திகரித்து நகருக்கு விடுவார்கள். வழிநெடுக இரு கரையிலும் விவசாயிகளின் பம்ப்செட்டுகள். நகரத்துக்கென்று திறந்த தண்ணீரில்தான் அவர்களுடைய கரும்பும் நெல்லும் நனைந்தன. மாநகராட்சி 2008 வாக்கில் வேறு யோசனைக்குப் போனது. மத்திய அரசின் நகர்ப்புறப் புத்தாக்கத் திட்ட நிதியில், அணையிலிருந்து நிகடிக்குச் சுமார் 35 கிலோமீட்டருக்கு மூடிய குழாய். வழியில் இழப்பு இல்லை, அழுக்கு சேராது, இறைக்கும் மின்செலவும் குறையும். நகரத்துக் கணக்கில் தப்பே இல்லை. ஆனால் குழாய்க்குள் போகும் தண்ணீரில் கரையோரத்துக்காரன் கை வைக்க முடியாது. போதாததற்கு, அணைக்காக நிலம் கொடுத்தவர்களில் பலருக்கு மாற்று நிலமே அப்போதும் வந்து சேர்ந்திருக்கவில்லை.

2011 ஆகஸ்ட் 9 அன்று பவுர் கிராமத்தருகே விவசாயிகள் மும்பை-புணே விரைவுச்சாலையை மறித்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு பெண் உட்பட மூன்று பேர் இறந்தார்கள். அப்போது ஆட்சியில் காங்கிரஸும் தேசியவாத காங்கிரஸும்; துணை முதல்வர் அஜித் பவார். மாவளின் எம்.எல்.ஏ. பாலா பேகடே பாஜக, அதாவது எதிர்க்கட்சி. திட்டத்தை எதிர்த்துத் தெருவில் நின்ற தரப்பு அவருடையது. விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. குழாய் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது.

அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். 2014இல் மாநிலத்திலும் 2017இல் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியிலும் பாஜக ஆட்சிக்கு வந்தது. கீழே உள்ள நகரத்துக்குக் குழாய் வேண்டும். மேலே உள்ள மாவளுக்கு வேண்டாம். ஒரே கட்சி, ஒரே ஆறு, இரண்டு பேச்சு. தடையை எடுக்கவும் இல்லை, திட்டத்தை ரத்து செய்யவும் இல்லை. 2019 நவம்பரிலிருந்து பிம்ப்ரி-சிஞ்ச்வட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர்.

இனி வீட்டுக்கு வரும் 'பாணிபட்டி' (தண்ணீர்க் கட்டண) பில்லைப் பார்ப்போம். எந்த ஊரிலும் எதிர்க்கட்சிக்காரர் கட்டணம் கூடிவிட்டது என்று பிடித்துக்கொள்வது அதன் கடைசி வரியைத்தான். அந்தத் தொகை உருவாவது வேறிடங்களில். அணை நீருக்கு மொத்த விலை வைப்பது 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மகாராஷ்டிர நீர்வள ஒழுங்குமுறை ஆணையம். வீடுகளுக்குக் குறைவு, தொழிற்சாலைக்கு அதிகம், தண்ணீரையே பாட்டிலில் அடைத்து விற்பவர்களுக்கு அதைவிட அதிகம். நகராட்சி தன் ஒதுக்கீட்டைத் தாண்டி எடுத்தால் கூடுதல் விகிதம். அதன்மேல் மோட்டார் ஓடும் மின்கட்டணம், சுத்திகரிப்பு, குழாய் பதித்த கடன். ஒழுகிப்போகும் தண்ணீருக்கும் நாம்தான் கட்டுகிறோம்; அது பில்லில் தனியாகத் தெரியாது, அவ்வளவே. யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்று துறைவாரியாகப் பிரிக்கும் அதிகாரமோ 2011இல், ஆம், அதே ஆண்டில், சட்டத் திருத்தம் மூலம் மாநில அமைச்சரவையின் கைக்குப் போய்விட்டது. ஊழலும் அலட்சியமும் கண்ணில் படும் இடம் குழாயடி. முடிவு எடுக்கப்படும் இடம் மும்பைத் தலைமைச் செயலகமான மந்த்ராலயா.

பக்கத்துப் புணே மாநகராட்சி 24 மணி நேரக் குடிநீர்த் திட்டத்துக்காக 2016இல் எடுத்த முடிவைப் பாருங்கள்: கட்டணம் முதலாண்டு 12 சதவீதம், அடுத்து ஐந்தாண்டுகள் 15 சதவீதம், பிறகு 2047 வரை ஆண்டுக்கு 5 சதவீதம் உயரும். வாக்காளர் இன்னும் எத்தனையோ தேர்தலைப் பார்ப்பார். ஏற்றம் மட்டும் தீர்மானமாகிவிட்டது.

இதை மராட்டியத்து வியாதி என்று நாம் தள்ளிவைக்க முடியாது. கோவையில் பிரான்ஸின் சூயஸ் நிறுவனத்துக்கு 2018இல் 26 ஆண்டு குடிநீர் விநியோக ஒப்பந்தம் போனபோது, எதிர்க்கட்சித் தலைவர் மு.க. ஸ்டாலின் கடுமையாக எதிர்த்தார். திமுக ஆர்ப்பாட்டம் நடத்தியது. கட்டணத்தை மாநகராட்சியே நிர்ணயிக்கும் என்பது அன்றைய அதிமுக அரசின் பதில். 2021இல் திமுக ஆட்சிக்கு வந்தது. சூயஸ் வேலை நிற்கவில்லை. அயர்லாந்துக் கதை இன்னும் வேடிக்கை: 2010இல் ஆட்சியிலிருந்தபோது, கடன் கொடுத்தவர்களிடம் குடிநீர்க் கட்டணம் கொண்டுவருவதாக ஒப்புக்கொண்ட ஃபியன்னா ஃபாயில் கட்சியே, எதிர்க்கட்சியானதும் அந்தக் கட்டணத்தை எதிர்த்து 2016 தேர்தலில் நின்றது. அங்கே மக்கள் திரண்டு தெருவுக்கு வந்ததால் கட்டணம் நிஜமாகவே நின்றுபோனது, கட்டியவர்களுக்குப் பணமும் திரும்பக் கிடைத்தது.

எதிர்க்கட்சிகள் கத்துவது வீண் என்று இதற்கு அர்த்தம் செய்துவிடக் கூடாது. பேகடே தரப்பு கத்தியிராவிட்டால் அந்தக் குழாயில் தண்ணீர் எப்போதோ ஓடியிருக்கும். அவர்கள் சொல்லாமல் விட்டதுதான் பிரச்சினை: குழாய் வேண்டாம் என்றால் பிம்ப்ரி-சிஞ்ச்வட்டுக்கு எங்கிருந்து தண்ணீர், அதற்கு எவ்வளவு செலவு, யார் கட்டுவது? ஆந்த்ரா (மாநிலமல்ல, அணையின் பெயர்), பாமா ஆஸ்கேட் என்று வேறு அணைகளை நகரம் தேடிப் போனது. அந்தச் செலவையும் ஏதோவொரு பில்தான் சுமக்க வேண்டும்.

2019 சட்டமன்றத் தேர்தலில் பேகடே, தேசியவாத காங்கிரஸின் சுனில் ஷெல்கேயிடம் தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்றார். சரத் பவார் சுட்டிக்காட்டிய வெற்றி அதுதான். அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில் மாவள் தொகுதி அஜித் பவாரின் மகன் பார்த்தைத் தோற்கடித்திருந்ததை சரத் பவார் கணக்கில் சேர்க்கவில்லை.

2023 ஜூலையில் அஜித் பவார் பாஜக கூட்டணி அரசில் துணை முதல்வரானார். ஃபட்னவிஸ் இன்னொரு துணை முதல்வர். 2011இல் எதிரெதிரே நின்றவர்கள் ஒரே அமைச்சரவையில். அந்த செப்டம்பரில் குழாய்த் திட்டத்தின் மீதிருந்த தடையை மாநில அரசு நீக்கியது. மாவளில் கட்சி பேதமில்லாமல் எதிர்ப்பு மறுபடி கிளம்பியது. எதிர்த்தவர்களில் ஆளும் கூட்டணிக் கட்சிகளின் உள்ளூர்க்காரர்களும் உண்டு.